112ஆம் எழுத்து

என் மடிக்கணினியில் ஒரு கோப்பு கிடக்கிறது. ஆறு லட்சத்துச் சொச்சம் வரிகள். சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பி, கூரியரில் அனுப்பி, ஏழு வாரம் காத்திருந்து வாங்கிய என் மரபணுக் கோப்பு. சாயங்காலம் காபி குடித்தால் எனக்கு ஏன் தூக்கம் வருவதில்லை என்பது வரைக்கும் அதில் துழாவிப் பார்த்துவிட்டேன். இரண்டு வரிகளை மட்டும் பார்க்கவில்லை. ஆர்எஸ் 429358, ஆர்எஸ் 7412. டெர்மினலைத் திறந்து ‘கிரெப்’ என்று ஒரு வரி தட்டினால் அரை விநாடியில் வந்துவிடும். வேலையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை தட்டுகிற கட்டளைதான். எட்டு மாசமாகத் தட்டவில்லை.

அந்த இரண்டு வரிகளும் சேர்ந்து, கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதத்தின் எந்த வடிவம் என் உடம்பில் ஓடுகிறது என்று சொல்லும். புரதத்தின் பெயர் அபோலிப்போபுரதம் ஈ, சுருக்கமாக அபோ-ஈ. 299 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 112ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதிலாக ஆர்ஜினின் இருந்தால், முதுமையில் அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு கூடும். டிஎன்ஏவில் அது ஒரே ஒரு எழுத்து மாற்றம். தைமின் இருக்கிற இடத்தில் சைட்டோசின்.

இந்த ஒரு எழுத்தின் வரலாற்றை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். காரணம் அப்பத்தா.

*

எனக்கு ஊர் பாலவனத்தம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகிற சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவில். அப்பத்தாவுக்கு முதலில் போனது உப்புக் கணக்கு. குழம்புக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டது. அப்புறம் மத்தியான வெயிலில் மடியைக் கட்டிக்கொண்டு பருத்தி எடுக்கக் கிளம்பியது. அந்தக் காட்டை விற்று இருபது வருஷம் ஆகியிருந்தது. கடைசியில் என்னைத் தன் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. நானும் ‘என்னக்கா’ என்று கேட்கப் பழகிவிட்டேன். “நெனப்பு தப்பிருச்சு” என்றார்கள் ஊரில். அதற்கு மேல் அதற்குப் பேர் கிடையாது.

ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் கேட்டார்: “பாட்டி, இப்ப பிரதமர் யாரு?”

“எவனா இருந்தா என்ன, மழ பேயுமா?”

“இன்னிக்கு என்ன தேதி?”

“அமாவாசைக்கு நாலு நாள் இருக்கு.”

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். நாலு நாள்தான் இருந்தது. ஆனால் டாக்டரின் சீட்டில் அது தப்பான விடை. ‘வயசாயிருச்சு, பத்திரமாப் பாத்துக்குங்க’ என்று சொல்லி ஒரு சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். 2014இல் அப்பத்தா போய்ச் சேர்ந்தது. காரியம் முடிந்த அன்றைக்கு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அப்பா சொன்னார்: “எங்க ஆத்தாவோட ஆத்தாவுக்கும் இப்படித்தான்டா.”

போன வருஷம் அப்பா அருப்புக்கோட்டைக்கு வண்டியில் போய், பஸ்ஸில் திரும்பி வந்தார். வண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றது. எல்லாரும் சிரித்தோம். அந்த வாரம்தான் எச்சில் குழாய்க்கு ஆர்டர் போட்டேன்.

*

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் அது பொட்டலமாகக் கட்டப்பட்டுத்தான் போக வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு மாதிரி ஒரு புரதம் இருக்கும். கல்லீரலில் உள்ள ஏற்பிகள் அந்தச் சீட்டைப் படித்துத்தான் சரக்கை இறக்கும். அபோ-ஈ அப்படிப்பட்ட ஒரு சீட்டு. மூளைக்குள்ளும் அதற்கு வேலை இருக்கிறது. நட்சத்திர வடிவத் துணைச் செல்கள் அதைச் செய்து, கொலஸ்ட்ராலை நரம்புச் செல்களுக்கு அனுப்புகின்றன.

1973இல் பெர்னார்ட் ஷோர், வெர்ஜி ஷோர் என்ற அமெரிக்கத் தம்பதி, ரத்தக் கொழுப்புத் துகள்களில் ஆர்ஜினின் அதிகமாக உள்ள ஒரு புரதத்தைப் பிரித்துக் காட்டினார்கள். அப்போது அதற்கு ‘ஆர்ஜினின் மிகுந்த புரதம்’ என்றுதான் பேர். அதே பத்தாண்டில் ஜெர்மனியில் கெர்ட் ஊட்டர்மான் ஒரு அபூர்வ நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த நோயாளிகளின் உள்ளங்கை ரேகைகளில் மஞ்சளாகக் கொழுப்பு படியும். அவர்களுடைய அபோ-ஈ மற்றவர்களுடையது போல இல்லை என்று அவர் கண்டார். இந்தப் புரதம் மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

வேறுபாடு சரியாக எங்கே என்று 1981இல் சொன்னவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் வைஸ்கிராபர், ஸ்டான்லி ரால், ராபர்ட் மாலி ஆகிய மூவர். மொத்தச் சங்கிலியில் வித்தியாசம் இரண்டே இடங்களில்: 112, 158. இரண்டிலும் சிஸ்டீன் இருந்தால் ஈ2. 112இல் சிஸ்டீனும் 158இல் ஆர்ஜினினும் இருந்தால் ஈ3. இரண்டிலும் ஆர்ஜினின் என்றால் ஈ4. உள்ளங்கை மஞ்சளானவர்கள் பெரும்பாலும் ஈ2 இரண்டு பிரதி உள்ளவர்கள். உலகத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஈ3. அதனால் ஈ3ஐ ‘இயல்பானது’ என்று வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பிழைபட்ட பிரதிகளாகப் பார்க்கும் பழக்கம் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டவர் அவர்.

*

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவு வருவது அதன் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1867 முதல் 1911 வரை வாழ்ந்தவர். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் அச்சேறியது அந்தச் சங்கத்தின் வழியாகத்தான். மதுரைக்குப் பேசப் போன இடத்தில் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டும் கிடைக்காத வருத்தத்தில் பிறந்த சங்கம் என்பார்கள்.

எங்கள் பக்கத்தில் அவரைப் பற்றிச் சொல்லும் இன்னொரு கதை உண்டு. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர், குறளில் எதுகை சரியில்லை என்று சில இடங்களில் சொல்லை மாற்றித் ‘திருத்தி’ அச்சிட்டாராம். அதைப் பார்த்த தேவர், இருந்த பிரதிகளை எல்லாம் மொத்தமாக விலைக்கு வாங்கிக் கொளுத்திவிட்டாராம். பள்ளிக்கூடத்தில் இதை எங்களுக்கு வீரக் கதையாகச் சொன்னார்கள். இன்றைக்கு யோசித்தால் இது ஒரு டேட்டாபேஸ் கதை. கெட்டுப்போன பிரதி பரவுவதற்கு முன்னால் அழித்துவிடு.

சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் கிடையாது. ‘கொடு’ என்று இருந்தால் அது கொடுவா கோடுவா என்று ஓலை சொல்லாது. முன்னும் பின்னும் இருக்கிற சொல்தான் சொல்லும். இரண்டு சுவடிகளில் இரண்டு மாதிரி இருந்தால் அதற்குப் பாடபேதம் என்று பேர். அதிகச் சுவடிகளில் இருப்பது என்பதற்காக ஒரு பாடம் மூலபாடம் ஆகிவிடாது. பிழையான ஒரே பிரதியைப் பத்துப் பேர் படியெடுத்தால் பத்துப் பிழை வரும், அவ்வளவுதான். எது எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

அபோ-ஈக்கும் அப்படிப் பார்த்தார்கள். நமக்கு நெருங்கிய சொந்தமான சிம்பன்சியின் சுவடியில் 112இல் இருப்பது ஆர்ஜினின். பல இனக்குழுக்களின் வரிசைகளை ஒப்பிட்ட ஆய்வுகளும் அதையே சொல்லின. ஈ4தான் மூலபாடம். நாம் ‘இயல்பானது’ என்று சொல்கிற ஈ3 பிறகு வந்த திருத்தம். கடந்த 2 லட்சம் ஆண்டுகளுக்குள் பரவியது என்பது ஒரு மதிப்பீடு. ஸ்காட்டின் பதிப்பு மூலத்தை விட அதிகமாக விற்றுப்போன மாதிரி.

அப்படியானால் சிம்பன்சிக்கு ஈ4இன் கெடுதல் எல்லாம் உண்டா? இங்கேதான் பக்கத்து எழுத்து வருகிறது. மனித ஈ4இல் 112ஆம் இடத்து ஆர்ஜினின், 61ஆம் இடத்தில் இருக்கும் இன்னொரு ஆர்ஜினினை வெளியே தள்ளுகிறது. அது போய் வெகு தூரத்தில், 255ஆம் இடத்துக் குளூட்டமிக் அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சங்கிலியின் மடிப்பே மாறிப்போகிறது. சிம்பன்சிக்கு 61இல் இருப்பது ஆர்ஜினின் இல்லை, திரியோனின். அதனால் 112இல் அதே எழுத்து இருந்தும், அதன் புரதம் கொழுப்பைப் பிடிக்கிற விதத்தில் நம் ஈ3 மாதிரி நடந்துகொள்கிறது.

ஒரு எழுத்து தனியாக எதையும் சொல்வதில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இதை எழுதி வைத்துக்கொண்டேன். கொஞ்சம் தெம்பாக இருந்தது.

*

கொழுப்புக்காரர்களின் இந்தப் புரதம் ஞாபகமறதிக்காரர்களின் கைக்கு வந்தது 1990களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோஸஸ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, முதுமையில் அல்சைமர் வரும் குடும்பங்களைத் தொடர்ந்துகொண்டிருந்தது. அந்தக் குழுவின் மார்கரெட் பெரிகாக்-வான்ஸ், நோயின் தடயம் 19ஆம் குரோமோசோமில் இருப்பதாக 1991இல் காட்டினார். துறையில் அதைப் பலர் நம்பவில்லை. அப்போது எல்லாருடைய கண்ணும் 21ஆம் குரோமோசோம் மேல் இருந்தது. மூளையில் படியும் அமிலாய்டின் மரபணு அங்கேதான் இருக்கிறது.

அதே ஆய்வகத்தில் வாரன் ஸ்டிரிட்மாட்டர், மூளைத் தண்டுவட நீரில் அமிலாய்டோடு போய் ஒட்டிக்கொள்வது எது என்று தேடினார். ஒட்டியது அபோ-ஈ. அதன் மரபணு இருப்பது 19ஆம் குரோமோசோமில், அவர்கள் தேடிக்கொண்டிருந்த அதே பகுதியில். 1993இல் எலிசபெத் கார்டரும் அந்தக் குழுவினரும் 42 குடும்பங்களின் கணக்கை வெளியிட்டார்கள். ஈ4 இல்லாதவர்களுக்கு நோய் தொடங்கும் சராசரி வயது 84. இரண்டு பிரதி இருந்தால் 68. அந்தக் குடும்பங்களில் நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக ஏறியது.

அவை நோய்க்காகவே தேடிப் பிடித்த குடும்பங்கள். பொது மக்களிடையே கணக்கு அவ்வளவு கடுமையாக இல்லை. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஒரு பிரதிக்குச் சுமார் 3 மடங்கு, இரண்டுக்கு 8 முதல் 12 மடங்கு என்பது வழக்கமாகச் சொல்லும் எண். ஈ4 இருந்தும் தொண்ணூறு வயதில் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈ4 இல்லாமலே நெனப்பு தப்பியவர்கள் இருக்கிறார்கள். இது வாய்ப்பு, தீர்ப்பு இல்லை.

ஆனால் ‘ஐரோப்பிய வம்சாவளியினரில்’ என்ற அந்த அடைமொழி என்னை உறுத்தியது. கரிசல்காட்டுக்கு என்ன எண்?

*

இந்தியாவில் இதை எண்ணிப் பார்த்த பெரிய ஆய்வு டெல்லிக்குத் தெற்கே, ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்தது. விஜய் சந்திரா, மேரி கங்குலி முதலானோர் நடத்திய இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வு. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், எஃகு ஆலைகள் மூடிப்போன மோனோங்கஹேலா பள்ளத்தாக்கு.

பல்லப்கரில் 55 வயதுக்கு மேற்பட்ட 5126 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 73 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞாபகத்தைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கேள்வித்தாளோ, படிப்பறிவு உள்ளவருக்காக எழுதப்பட்டது. ஒரு வாக்கியம் எழுது, இந்த வார்த்தையைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. அதனால் இந்தியில் புதிய கேள்வித்தாள் ஒன்றைச் செய்தார்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல் என்றார்கள்.

இதைப் படித்த அன்றைக்கு வேலை ஓடவில்லை. ‘உன் வீட்டைப் பத்திச் சொல்லு’ என்று அப்பத்தாவிடம் யாராவது கேட்டிருந்தால், எந்த வருஷத்து வீட்டைச் சொல்லியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிலில் நோய் தெரிந்திருக்கும். அப்பத்தாவும் தெரிந்திருக்கும்.

பல்லப்கரின் முடிவுகள் 1998இல் தொடங்கி அடுத்தடுத்து வந்தன. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் அல்சைமர் 1.07 சதவீதம் மட்டுமே. அதுவரை உலகில் பதிவானதில் மிகக் குறைந்த எண்களில் ஒன்று. புதிதாக நோய் வருவதும் அங்கே குறைவு. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 4.7 பேர். மோனோங்கஹேலாவில் 17.5. 2000ஆம் ஆண்டுக் கட்டுரை மரபணுவைப் பார்த்தது. பல்லப்கரில் 4450 பேர், அங்கே 886 பேர். ஈ4இன் அளவு பல்லப்கரில் 7 சதவீதம், மோனோங்கஹேலாவில் 11 சதவீதம். ஆனால் ஈ4 இருக்கிறவருக்கு நோய் வரும் தொடர்பு இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். எழுத்து இங்கே குறைவு. அதன் அர்த்தம் மாறவில்லை.

நைஜீரியாவில் அர்த்தமே மாறியது. இபாதான் நகர யொருபா மக்களிடம் ஈ4 தாராளமாக இருந்தது. அவர்களிடம் அல்சைமரோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை என்று 1995இல் ஓசுண்டோகுன் குழு எழுதியது. ஈ4ஐச் சுற்றியுள்ள குரோமோசோம் பகுதி ஆப்பிரிக்க வழியில் வந்ததாக இருந்தால் ஆபத்து குறைகிறது என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மறுபடியும் பக்கத்து எழுத்துகள்தான்.

*

பல்லப்கர் எண்ணை வைத்து ‘இந்தியக் கிராமத்தில் இந்த நோயே கிடையாது’ என்று பெருமைப்பட்டவர்கள் உண்டு. மஞ்சள், காய்கறி, கூட்டுக் குடும்பம் என்று காரணங்களும் வந்தன. நமக்குப் பக்கத்திலேயே வேறு எண்ணும் இருந்தது. 1997இல் சென்னைக்குத் தெற்கே திருப்போரூரில் 60 வயதுக்கு மேற்பட்ட 750 பேரைப் பார்த்த ராஜ்குமார், குமார், தாரா ஆகியோர், 3.5 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாகச் சொன்னார்கள்.

அப்புறம் வேலூர். லண்டனிலிருந்து மார்ட்டின் பிரின்ஸ் ஒருங்கிணைத்த ‘10/66’ என்ற ஆய்வுக் குழு, வளரும் நாடுகள் பலவற்றில் ஒரே முறையில் முதியவர்களை எண்ணியது. இந்தியாவில் நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர் மாவட்டம். 2008இல் வெளியான முடிவில், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டு வரையறைப்படி இந்தியக் கிராமத்தில் மறதிநோய் 0.3 சதவீதம். ஆயிரத்தில் 3 பேர். எல்லா இடங்களிலும் இதுதான் மிகக் குறைவு. அதே ஆட்களை, படிப்பறிவு இல்லாதவர்களையும் கணக்கில் கொண்டு அந்தக் குழு உருவாக்கிய அளவுகோலால் அளந்தபோது, எந்த நாட்டிலும் எந்த ஊரிலும் 5.6 சதவீதத்துக்குக் கீழே வரவில்லை.

நடுவில் காணாமல் போனவர்கள் எங்கே? கையேட்டின்படி நோய் என்றால் அன்றாட வாழ்க்கை குலைந்திருக்க வேண்டும். அதை வீட்டார்தான் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சொல்லவில்லை. கிழவி சமைக்க வேண்டாம், மருமகள் இருக்கிறாள். கடைக்குப் போக வேண்டாம், பேரன் இருக்கிறான். வாழ்க்கை குலைந்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. “வயசாயிருச்சுல்ல.”

நாங்களும் அதைத்தான் சொன்னோம். யாராவது கணக்கெடுக்க வந்திருந்தால், அப்பத்தா அந்த 0.3இல் இருந்திருக்காது. பூச்சியத்தில் இருந்திருக்கும். அதை நாங்கள் அன்பினால்தான் செய்தோம். அது பொய் இல்லை. ஆனால் அந்த அன்புக்குள்ளேயே ஒரு அலட்சியமும் இருந்தது. 2023இல் வெளியான தேசிய அளவிலான கணக்கு, 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதிநோயோடு இருப்பதாகச் சொல்கிறது. அதில் பெண்களும் கிராமத்தாரும் அதிகம்.

*

சரி, என் கோப்புக்கு வருவோம். என்னைப் போலப் பார்க்காமல் விட்டவர் ஒருவர் இருந்தார். மிகவும் பெரிய ஆள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைக் கண்டவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன். 2007இல் அவருடைய முழு மரபணுத் தொகுதியையும் படித்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் உலகத்துக்கே வெளியிடச் சம்மதித்தார், ஒன்றைத் தவிர. அபோ-ஈ மட்டும் வேண்டாம், எனக்கும் சொல்லாதீர்கள் என்றார். அவர் பாட்டிக்கு அல்சைமர் இருந்தது.

அந்த மரபணுவை மட்டும் வெட்டிவிட்டு மீதியை வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேல் நைஹோல்ட்டும் நண்பர்களும் உடனே சொன்னார்கள்: வெட்டினால் போதாது. பக்கத்து எழுத்துகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே பயணிக்கின்றன. அவற்றைப் பார்த்தால் நடுவில் என்ன இருந்தது என்று ஊகித்துவிடலாம். வாட்சனுக்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் வெளியிடவில்லை. ஆனால் பொதுக் கோப்பிலிருந்து சுமார் 20 லட்சம் எழுத்துகளை எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஒரு எழுத்தை மறைக்க 20 லட்சம் எழுத்துகள்.

சுவடிக்காரர்களுக்கு இது தெரிந்த வித்தைதான். செல்லரித்த இடத்தைப் பக்கத்துச் சீரை வைத்து நிரப்புவார்கள்.

இதைப் படித்தபோதுதான் என் கோப்பைப் பற்றி நான் தப்பாக யோசித்துக்கொண்டிருந்தது உறைத்தது. பார்ப்பதா வேண்டாமா என்பதை என் தைரியம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்திருந்தேன். எனக்கு இரண்டு ஈ4 என்று வந்தால், ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. அதாவது இருவருக்கும் குறைந்தது ஒவ்வொன்று இருக்கிறது. என் தங்கைக்குக் குறைந்தது ஒன்று இருக்க நாலில் மூன்றுக்குக் குறையாத வாய்ப்பு. அவர்கள் யாரும் எச்சில் துப்பவில்லை. குடும்பத்தில் அவர்கள்தான் என் பக்கத்து எழுத்துகள். என் வரியைப் படித்தால் அவர்களையும் பாதி படித்தாகிவிடும்.

தங்கைக்குப் போன் போட்டேன். அவள் கேட்டுவிட்டு, “பாத்துக்க. ஆனா எனக்குச் சொல்லாத. உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும், அதனால பொங்கலுக்கு வராத” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பாதி.

தெரிந்துகொண்டவர்கள் உடைந்துபோகிறார்களா என்று ராபர்ட் கிரீன் குழு அமெரிக்காவில் சோதித்திருக்கிறது. அல்சைமர் நோயாளிகளின் பிள்ளைகள் 162 பேர். ஒரு பகுதியினருக்கு முடிவைச் சொன்னார்கள், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷம் பார்த்ததில் இரு தரப்பின் பதற்றத்திலும் மனச்சோர்விலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2009இல் எழுதினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஆலோசகர் உட்கார்ந்து சொன்னார். எனக்குப் பக்கத்தில் டெர்மினல்தான் இருக்கிறது. இந்த எச்சில் குழாய்க் கோப்புகளில் தப்பும் வரும். முறையான ஆய்வகத்தில் உறுதி செய்யாமல் நம்பக்கூடாது.

பார்ப்பதில் பிரயோஜனமே இல்லையா என்றால், இருக்கிறது. அது நோய் வந்தவர்களுக்கு. 2023இல் அமெரிக்கா அனுமதித்த லெக்கானெமாப் என்ற மருந்து, மூளையின் அமிலாய்டைக் கரைக்கிறது. இரண்டு ஈ4 உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் மூளையில் வீக்கமும் கசிவும் வரும் ஆபத்து அதிகம். அதனால் மருந்து கொடுப்பதற்கு முன் 112ஆம் எழுத்தைப் பாருங்கள் என்று எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள்.

*

பொங்கலுக்குப் போனேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்மாய்க் கரை வரைக்கும் நடந்துகொண்டே. கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார்.

“அதுல எனக்கும் சேத்துத்தான எழுதியிருக்கு?”

“ஆமாப்பா.”

“பாத்துட்டா என்ன செய்வ?”

“செய்யிறதுக்குப் பெருசா ஒண்ணுமில்ல. பிரஷரக் குறைக்கணும், சுகர் ஏறாமப் பாத்துக்கணும், நடக்கணும், காது கேக்கலன்னா மிஷின் வைக்கணும்.”

“இதப் பாக்காமலே செய்யலாம்ல?”

பதில் சொல்லவில்லை. நிரலாளனாக எனக்கு இது பெரிய அடி. எந்தப் பதில் வந்தாலும் அடுத்த வேலை ஒன்றுதான் என்றால், அந்தக் கேள்வியை நிரலில் எழுதவே மாட்டோம்.

“வண்டிய விட்டுட்டு வந்தேன்ல, அதுக்கு என்னன்னு பாரு மொதல்ல” என்றார்.

மறுவாரம் மதுரையில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சோதித்த பெண் தமிழில்தான் கேட்டார். கிழமைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பஸ்ஸில் எந்தெந்த ஊரைத் தாண்டி வந்தீங்க என்று கேட்டார். அப்பா இரண்டு இடத்தில் தடுமாறினார். ரத்தம் எடுத்தார்கள். பி12 வைட்டமின் வெகுவாகக் குறைந்திருந்தது. அது குறைந்தாலும் ஞாபகம் தடுமாறும்; ஊசி போட்டால் சரியாக வாய்ப்பு உண்டு. ஊசி எழுதிக் கொடுத்து, ஆறு மாசம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள். அதனால் மட்டும்தானா, வேறு ஏதும் உண்டா என்பது அப்போதுதான் தெரியும். இப்போது மூன்று மாசம் ஆகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அப்பா தூங்கிவிட்டார். சீமைக்கருவேலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ரத்தச் சோதனை. அதற்கு மரபணுக் கோப்பு தேவைப்படவில்லை. 299 அமினோ அமிலத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘வயசாயிருச்சு’ என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

அப்பத்தாவுக்கு நாங்கள் யாரும் பி12 பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒன்றும் இல்லாமலும் போயிருக்கலாம். ஆனால் பார்க்கவில்லை.

கோப்பு அப்படியேதான் இருக்கிறது. அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. அப்பா ஒரு நாள் பார்க்கச் சொன்னால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்ப்பேன். அது வரைக்கும் தினம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டு அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். நேற்றுக் கேட்டது: “அமாவாசைக்கு இன்னும் எத்தன நாள்ப்பா இருக்கு?”

சரியாகச் சொன்னார்.